"அலர்ஜி இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும்

முத்துப்பேட்டைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாகச் சேர்ந்து நாலு மாதம் ஆன ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறாள். ஒவ்வாமை, நோய் எதிர்ப்புக் கோளாறு உள்ள நோயாளிகளைப் பராமரிப்பது பற்றிப் பாடத்தில் படித்ததும் வேலையில் பார்ப்பதும் ஒட்டவே இல்லையாம். "அலர்ஜி இருக்கான்னு எல்லார்கிட்டயும் கேக்குறேன் அக்கா, எல்லாரும் இல்லைங்கிறாங்க. போன வாரம் அப்படிச் சொன்ன ஒரு அம்மாவுக்கு ஊசி போட்டுப் பத்து நிமிஷத்துல உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. ஏவிலும் டெக்சாவும் போட்டோம், அடங்கிடுச்சு. எனக்குத்தான் இன்னும் கை நடுக்கம் நிக்கலை. எதைப் பாக்கணும், முதல்ல எதைப் போடணும், எல்லா ஊசிக்கும் டெஸ்ட் டோஸ் வேணுமா?" இதுதான் அவள் கேள்வி. (ஏவில் அரிப்பை அடக்கும் ஊசி, டெக்சா ஸ்டீராய்டு ஊசி. டெஸ்ட் டோஸ் என்பது முழு ஊசிக்கு முன் ஒரு துளி ஏற்றிப் பார்ப்பது.)

நான் இருபத்தேழு வருஷம் இந்த டெல்டாவுக்குள்ளேயே ஊர் ஊராக மாறி வேலை பார்த்தவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேட்கும் விதத்தில் இருந்தே ஆரம்பிக்க வேண்டும். 'அலர்ஜி' என்றால் நம்ம பக்கத்துச் சனங்களுக்குத் தும்மல், தூசி, அவ்வளவுதான். ஊசி போட்டு உடம்பு தடித்தது அவர்கள் கணக்கில் அலர்ஜியில் வராது, அது 'ஒத்துக்கலை'. மாத்திரை தின்று வாய் புண்ணாகி, தோல் சிவந்தால் 'சூடு பண்ணிடுச்சு'. திடீரென்று திட்டுத்திட்டாகத் தடித்து, அரித்து, கொஞ்ச நேரத்தில் தடம் தெரியாமல் மறைந்தால் அது 'காணாக்கடி'. கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடித்துவிட்டது, வேப்பிலை வைத்து மந்திரித்தால் இறங்கிவிடும். (உண்மையில் ஒரு தடிப்பு ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் நிற்காது. மந்திரிக்கிறவருக்கு நல்ல பெயர் வராமல் வேறு யாருக்கு வரும்?) மூச்சிரைப்பு 'இளைப்பு'. ஆகவே "அலர்ஜி இருக்கா" என்றால் "இல்லைங்க" என்பது பொய்யான பதில் இல்லை. நாம் கேட்ட வார்த்தைக்கு அதுதான் சரியான பதில்.

நான் இப்படிக் கேட்பேன்: "இதுக்கு முன்னாடி எந்த ஊசியாவது மாத்திரையாவது ஒத்துக்காம போயிருக்கா? அடிக்கடி காணாக்கடி வருமா? எதைத் தின்னா அரிக்கும்? இளைப்பு உண்டா? வீட்டுல, கூடப் பொறந்தவங்களுக்கு?" கேட்டுவிட்டு ஊசியை எடுக்கத் திரும்பிவிடாதே. முகத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் நில். பெரும்பாலும் பதில் நோயாளியிடமிருந்து வராது, கூட வந்த அப்பாயியோ நாத்தனாரோ சொல்வார்கள். "ஏன்டி, போன தையில காய்ச்சல் மாத்திரை தின்னு உதடு பணியாரமாட்டம் வீங்கலையா?" அந்த மாத்திரை எது என்று கண்டுபிடிப்பது அடுத்த பாடு. மெடிக்கல் கடையில் அட்டையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருப்பார்கள், பெயர் போயிருக்கும். வீட்டில் மிச்சம் இருந்தால் பையனை விட்டு செல்போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். பலமுறை அப்படித்தான் கிடைத்தது.

இதற்கு நேர்மாறான ஆட்களும் வருவார்கள். "எனக்கு இங்கிலீஷ் மருந்தே சேராது" என்பார்கள். விசாரித்தால் வலி மாத்திரை தின்று வயிறு எரிந்திருக்கும், ஆன்டிபயாட்டிக் போட்டு வயிற்றால் போயிருக்கும். அது பக்கவிளைவு. அதைச் சிவப்பு மையில் 'அலர்ஜி' என்று எழுதிவிட்டால், நாளைக்கு அந்த ஆளுக்கு உயிர்காக்கும் மருந்து தேவைப்படும்போது எவனும் கொடுக்க மாட்டான். பென்சிலின் அலர்ஜி என்று சீட்டில் பெயர் வாங்கினவர்களை முறையாகப் பரிசோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேர் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்பது பல நாடுகளில் கண்டது. அந்தப் பெயரை எடுப்பது மருத்துவர் வேலை. நீயாகப் போட்டுப் பார்க்காதே. ஆனால் அவர் முடிவெடுப்பது நீ எழுதி வைத்ததைப் பார்த்துத்தான். எந்த மருந்து, போட்டு எத்தனை நிமிஷத்தில் அல்லது எத்தனை நாளில், உடம்பில் என்ன ஆனது, எதைக் கொடுத்து அடங்கியது. இது நாலும் இருக்கட்டும். வெறும் 'அலர்ஜி' என்ற ஒற்றைச் சொல்லால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. இதையே தமிழில் ஒரு சின்ன அட்டையில் எழுதி நோயாளி கையிலும் கொடு. ரேஷன் கார்டு உறைக்குள் வைக்கச் சொல். அந்த உறை மட்டும் எந்த வீட்டிலும் தொலையாது.

ஊசி போட்ட பிறகு என்ன பார்ப்பது என்று கேட்டாய். தடிப்பைத் தேடாதே. தடிப்பு தானாகக் கண்ணில் படும். அதற்கு முந்தி வருவது பேச்சு. "உள்ளங்கை அரிக்குது." "காதுக்குள்ள குறுகுறுங்குது." "தொண்டையில என்னமோ அடைக்கிறாப்புல இருக்கு." குரல் கம்மும். ஒருமாதிரி செருமிக்கொண்டே இருப்பார்கள். எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஒரு வாக்கியத்துக்கு: "என்னமோ பண்ணுது சிஸ்டர்." பாடத்தில் மரணம் நெருங்குவது போன்ற உணர்வு என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். நம்ம ஊரில் அதற்கு இந்த ரெண்டு வார்த்தைதான். அதைக் கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாடியைப் பிடி. பயத்தில் மயங்குகிறவருக்கு நாடி மெதுவாகத் தட்டும், முகம் வெளுத்து வேர்க்கும், படுக்க வைத்தால் தெளிந்துவிடும். ஒவ்வாமை அதிர்ச்சி என்றால் நாடி ஓடும், பி.பி. இறங்கும், படுக்க வைத்தும் தெளியாது. தோலில் ஒன்றுமே தெரியாமலும் இது வரலாம் என்பதை மறந்துவிடாதே.

முதலில் எதைப் போடுவது? அட்ரினலின். ஏவில், டெக்சா இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும், ஏனென்றால் நம் கை பழக்கத்தில் ஏவிலுக்குத்தான் போகிறது. ஏவில் அரிப்பை அடக்கும், தடிப்பைக் குறைக்கும். இறங்குகிற பி.பி.யை அது ஏற்றாது, அடைக்கிற தொண்டையைத் திறக்காது. டெக்சாவும் ஹைட்ரோகார்ட்டிசோனும் வேலை செய்ய மணிக்கணக்காகும். உன் நோயாளிக்கு வெறும் தடிப்பு மட்டும் இருந்தது, அதனால் ஏவிலில் அடங்கியது. தடிப்போடு மூச்சோ பி.பி.யோ சேர்ந்திருந்தால் கதை வேறு.

அளவு மனப்பாடமாக இருக்கட்டும். 1 மி.லி. ஆம்பூலில் 1 மி.கி. இருக்கும், 1:1000 என்று எழுதியிருக்கும். பெரியவர்களுக்கு அரை மி.லி.; 6 முதல் 12 வயது வரை 0.3 மி.லி.; அதற்குக் கீழே 0.15 மி.லி. தொடையின் வெளிப்பக்கம், நடுவில், தசைக்குள். கையில் வேண்டாம், தோலுக்கடியில் வேண்டாம், நரம்பில் போடவே போடாதே. ஐந்து நிமிஷத்தில் தெளிவு இல்லை என்றால் இன்னொன்று. வயசான அம்மாவுக்குச் சேலையை விலக்க வெட்கம், நமக்கும் தயக்கம். கூட வந்த ரெண்டு பெண்களிடம் ஒரு போர்வையைக் கொடுத்துத் திரையாகப் பிடிக்கச் சொல், அதற்குள் போட்டு முடித்துவிடலாம். டாக்டர் இல்லாத ராத்திரியில் நீயாகப் போடலாமா என்ற கேள்வி வரும். அதற்காகத்தான் மருத்துவ அலுவலரிடம் பகலிலேயே பேசி, அளவோடு எழுதிக் கையெழுத்து வாங்கி, அவசர ட்ரேயின் மூடிக்குள் ஒட்டி வைக்க வேண்டும். அட்டெனலால், மெட்டோபிரலால் மாதிரி பி.பி. மாத்திரை தின்கிறவர்களுக்கு அட்ரினலின் சரியாக எடுபடாமல் போகலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாசாமாசம் பி.பி. மாத்திரை வாங்குகிறார்களே, அந்த அட்டையையும் பார்த்து மருத்துவரிடம் சொல்.

இனி என் கையால் நடந்த ஒன்று. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. நூறு நாள் வேலையில் வாய்க்கால் கரையைச் செதுக்கும்போது பனைமரத்துக் கதண்டு (பெரிய விஷக் குளவி) கூடு கலைந்து, ஒரு பெண்ணுக்குக் கழுத்திலும் தலையிலுமாக ஆறேழு கொட்டு. கதண்டு எப்படிப்பட்டது என்று தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டிய இடமெல்லாம் சுண்ணாம்பு தடவி, டிவிஎஸ் 50 வண்டியில் இருவருக்கு நடுவே நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு வந்தார்கள். கண் இமை ரெண்டும் மூடிப்போகிற அளவு வீக்கம், பி.பி. கருவியில் மேல் எண் 70. அட்ரினலின் போட்டோம், குளுக்கோஸ் இல்லாத சலைன் வேகமாக ஓடியது, ஆக்சிஜன் வைத்தோம். இருபது நிமிஷத்தில் பேச ஆரம்பித்துவிட்டாள். "ஒண்ணுக்குப் போகணும் சிஸ்டர்" என்றாள். நான் கைத்தாங்கலாக எழுப்பி நிற்க வைத்தேன். ரெண்டே அடி. அப்படியே சரிந்துவிட்டாள். ரத்தம் எல்லாம் காலுக்கு இறங்கி, இதயத்துக்குத் திரும்ப ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. மறுபடி படுக்க வைத்து, காலைத் தூக்கி, ரெண்டாவது ஊசி போட்டு, பிழைத்துக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் சொல்கிறேன்: படுக்கை, கால் உயரம், பெட்பேன். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்காரவை, காலை நீட்டியபடியே. கர்ப்பிணி என்றால் இடப்பக்கம் ஒருக்களித்து. தெளிந்துவிட்டது என்று நடக்க விடாதே, 108 வண்டி வரைகூட ஸ்ட்ரெச்சர்தான். சரியானவர்களையும் குறைந்தது ஆறு மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மருந்து தீர்ந்த பிறகு ரெண்டாவது அலை ஒன்று வரக்கூடும். ரெண்டு ஊசி தேவைப்பட்டவர், பஸ் இல்லாத ஊர்க்காரர் என்றால் விடியும் வரை அனுப்பாதே. கதண்டு நிறையக் கொட்டியிருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: அலர்ஜியே இல்லாவிட்டாலும் அந்த விஷம் தசையைச் சிதைத்து சிறுநீரகத்தை அடைக்கும். எவ்வளவு மூத்திரம் போனது, கடுங்காப்பி நிறத்தில் இருந்ததா என்பதை அடுத்த ரெண்டு மூன்று நாள் எழுதி வை.

பாம்புக்கடியைச் சொல்லாமல் டெல்டாவில் அலர்ஜியைப் பேசவே முடியாது. அலர்ஜி என்ற சொல்லே குதிரைச் சீரத்தில், அதாவது குதிரை ரத்தத்தின் தெளிநீரில் பிறந்ததுதான். வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, குதிரையின் சீரத்தை ஊசியாகப் போட்ட பிள்ளைகளுக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் வருவதைப் பார்த்து 1906-இல் அந்தச் சொல்லை உண்டாக்கினார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் நாம் குதிரைச் சீரத்தைத்தான் போடுகிறோம். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கும் விஷத்தைக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் விளையும் முறிமருந்துதான் ஏ.எஸ்.வி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்து. பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் ஒரே அளவு, ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக்கொள்வதில்லை.

இதில் நர்ஸின் வேலை பாட்டில் மாட்டுவதோடு தொடங்குகிறது. குப்பியில் தண்ணீர் விட்டால் மெதுவாகச் சுழற்று, குலுக்கினால் நுரைத்துப் போகும். முன்கூட்டி டெஸ்ட் டோஸ் போடுவதில் அர்த்தமில்லை. அது யாருக்கு வரும் என்று சொல்லாது, அதுவே சிலருக்குப் பிரச்சினையை இழுத்துவிடும். அட்ரினலினை சிரிஞ்சில் ஏற்றி, பெயர் எழுதி ஒட்டி, தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் அந்தக் கட்டிலை விட்டு நகராதே. ஒரே ஒரு தடிப்பு, ஒரு இருமல், ஒரு ஓங்கரிப்பு, மயிர்க்கூச்சு, எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்து, தொடையில் அட்ரினலின், மருத்துவரைக் கூப்பிடு. அடங்கியதும் மெதுவாக மறுபடி ஓட்டச் சொல்வார். பயந்து ஏ.எஸ்.வி.யையே கைவிட்டால் பாம்பு ஜெயித்துவிடும்.

வீட்டுக்குப் போன பிறகு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, அரிப்பு வரலாம். பிர்கே பார்த்தது இதைத்தான். ஊரில் என்ன சொல்வார்கள் தெரியுமா? "விஷம் இன்னும் முழுசா இறங்கலை." உடனே பச்சிலை வைத்தியர், பத்தியம், உப்பில்லாச் சோறு. டிஸ்சார்ஜ் அன்றைக்கே "இப்படி வந்தா அது விஷம் இல்ல, மருந்தோட எதிர்வினை, நேரா இங்க வாங்க" என்று சொல்லி அனுப்பினால் அந்தக் குடும்பம் அலைய வேண்டியதில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. நம் கடற்கரையில் இறால், நண்டு அலர்ஜி நிஜம். வேக வைத்தாலும் வறுத்தாலும் அந்தப் புரதம் அழியாது, கூனிக் கருவாடு வறுக்கிற வாசத்துக்கே சிலருக்கு இளைப்பு வரும். ஆனால் சூரை, கானாங்கெளுத்தி தின்று ஒரு வீடே முகம் சிவந்து, தலைவலியோடு வந்தால் அது அலர்ஜி இல்லை. ஐஸ் இல்லாமல் கிடந்த மீனில், அலர்ஜி மாதிரியே சிவக்க வைக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறியிருக்கும். "கூடச் சாப்பிட்டவங்களுக்கும் வந்துச்சா?" என்ற ஒரு கேள்வியில் பிரித்துவிடலாம். அப்படி வந்தவரிடம் ஆயுசுக்கும் மீன் தின்னாதே என்று சொல்லிப் பாவத்தைத் தேடிக்கொள்ளாதே. கத்திரிக்காய், கருவாடு கரப்பான் பண்டம் என்பதை நான் மறுத்தும் பேசுவதில்லை, வழிமொழிந்தும் பேசுவதில்லை. தின்றால் உனக்கு என்ன ஆகிறது என்று மட்டும் கேட்பேன். தை மாசத்தில் அறுவடை இயந்திரம் ஓடும் நாட்களில் இளைப்புக்காரர்கள் வரிசையில் வருவார்கள். அவர்களிடம் இன்ஹேலர் 'பழகிடும்' என்ற பயத்தைப் போக்குவதும், ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தபின் வாய் கொப்பளிக்கச் சொல்வதும் நம் பங்கு.

மருந்து ஒவ்வாமையில் நிமிஷக் கணக்கில் வராமல் வாரக் கணக்கில் வருவது ஒன்று உண்டு. அதைத்தான் நாம் தவறவிடுகிறோம். வலிப்புக்கு கார்பமசிபைன், ஃபெனிட்டாயின், யூரிக் அமிலத்துக்கு அல்லோபியூரினால், சல்ஃபா சேர்ந்த கோட்ரைமாக்சசோல், இவற்றில் ஏதாவது ஆரம்பித்து ரெண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். காய்ச்சல், கண் எரிச்சல், வாய் முழுக்கப் புண், அப்புறம் உடம்பில் கொப்புளம். நம்ம ஊரில் இதைப் பார்த்ததும் 'அம்மை' என்று வேப்பிலையில் படுக்க வைத்துவிடுவார்கள், வலிப்பு மாத்திரையை மட்டும் தவறாமல் கொடுத்துக்கொண்டே. அப்படி வந்த ஒரு காலேஜ் பையனை என்னால் மறக்க முடியாது. கைலியை எடுத்தபோது கூடவே தோலும் வந்தது. வித்தியாசம் கேட்டுக்கொள்: இங்கே அரிப்பைவிட வலி அதிகம், உதடும் கண்ணும் முதலில் கெடும், புதுசாக ஒரு மாத்திரை ஆரம்பித்த கதை பின்னால் இருக்கும். சந்தேகம் வந்தாலே மருத்துவரிடம் சொல்லி அந்த மருந்தை நிறுத்தச் செய்து, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

அங்கே தோல் வார்டில் பராமரிப்புதான் பெரிய மருந்து. தோல் போன உடம்பைச் சாதாரணத் துணியில் கிடத்தினால் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நம்ம பக்கத்துத் தோல் வார்டுகளில் வாழை இலைப் படுக்கை. திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் படுகையில் விளையும் இலை பந்திக்கு மட்டும் என்று நினைக்காதே. கிழியாத இளம் இலையாகப் பார்த்து, நடு நரம்பைச் சீவி, கழுவி, அந்த வார்டின் முறைப்படி சுத்திகரித்து, வழவழப்பான பக்கம் மேலே இருக்க விரிப்போம். புண் ஒட்டாது, எரிச்சல் தணியும், விலையும் பெரிதில்லை. வாடினால் உடனே மாற்று. ஆளை இழுக்காதே; நாலு பேர் சேர்ந்து இலையோடு தூக்கு. பிளாஸ்டர் எங்கேயும் ஒட்டாதே, சலைன் ஏற்றக் கையில் செருகும் வென்ஃப்ளானைக்கூட காஸ் துணியால் சுற்றிக் கட்டு. ஃபேனைக் குறை, குளிரில் நடுங்குவார்கள். கூட இருக்கிறவர்கள் கண்ணை மறந்துவிடுவார்கள், நீ மறக்காதே. சொன்ன நேரத்துக்குச் சொட்டு மருந்து விடாவிட்டால் இமை ஒட்டிப்போய், உயிர் பிழைத்தும் பார்வை போகும்.

இனி எதிர்ப்புக் கோளாறுகள். இங்கே முதல் குழப்பம் சொல்லிலேயே வருகிறது. லூபஸ், முடக்குவாதம், பெம்பிகஸ் என்று, எதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் நோய் ஒருவருக்கு வந்தால் டாக்டர் 'இம்யூனிட்டி பிரச்சினை' என்பார். வீட்டில் அது 'எதிர்ப்புச் சக்தி கம்மி' என்று ஆகிவிடும். அடுத்த நாளே சக்தி ஏற்றும் பொடி, கஷாயம், டப்பா மாவு எல்லாம் வந்து இறங்கும். நான் சொல்வது: "சக்தி கம்மியில்லம்மா. வேலியே பயிரை மேயுது. வேலிக்கு இன்னும் உரம் போடாத." உடனே புரிந்துகொள்வார்கள்.

லூபஸ் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயசுப் பெண்களுக்கு வருவது, வெயில் பட்டால் கிளம்புவது. நடவுக்குப் போகிறவளிடம் வெயிலில் போகாதே என்றால் சிரிப்பாள். கூலி யார் தருவது? நம்ம பெண்கள் நடவுக்குச் சேலைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை போட்டுத் தலையில் துண்டு கட்டுகிறார்களே, அதுதான் இவளுக்கும் மருந்து. அதையே விடாமல் போடச் சொல், துண்டைக் கன்னம் மறையக் கட்டச் சொல், உச்சி வெயில் வேலையை முடிந்த மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல். லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை தின்றால் குறித்த காலத்தில் கண் பரிசோதனை. கர்ப்பம் தரித்தால் பயந்துபோய் அதைத் தானாக நிறுத்தக் கூடாது. கர்ப்பத்துக்கு முன்னாலேயே, நோய் அடங்கி ஆறு மாசமாவது ஆனபின், மருத்துவரிடம் பேசியிருந்தால் இன்னும் நல்லது.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைதான் இவர்களுக்கு உயிரும் எமனும். முகம் உப்பும், பக்கத்து வீட்டுக்காரி "என்னடி இப்படி ஊதிட்ட" என்பாள், மறுநாள் மாத்திரை குப்பையில். பல வாரம் தின்றவர்கள் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க மறந்திருக்கும். வாந்தி, தலைச்சுற்றல், பி.பி. இறக்கம், ஆளே போய்விடலாம். எனவே மாத்திரையைக் கொடுக்கும்போதே முகம் உப்பும் என்று நாமே முந்திச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை பார், சாப்பிட்டபின் காலையில் கொடு. 'மூட்டு வலிக்குக் கைகண்ட மருந்து' என்று ஊர் ஊராக விற்கும் பெயரில்லாத பொடியிலும் கலர் மாத்திரையிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்பதை மனதில் வை. முகம் வட்டமாகி, தோல் மெலிந்து ஒருவர் வந்தால், "நான் ஒரு மருந்தும் திங்கல" என்று சொன்னாலும், பையைக் காட்டச் சொல்.

ஸ்டீராய்டு தின்கிற இவர்களுக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது. சேற்றில் நின்ற காலில் சின்ன வெட்டு, எலிக்காய்ச்சல், எதுவும் இவர்களிடம் மெதுவாக வராது. வெறுங்காலில் மண் வழியாக ஏறும் ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் என்ற புழு, ஸ்டீராய்டு தொடங்கியதும் உடம்பெங்கும் பரவிவிடக்கூடும். மலப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் நினைவுபடுத்து.

அம்மை வந்த வீடு தனிக் கதை. வாசலில் வேப்பிலை சொருகியிருக்கும், தாளிக்க மாட்டார்கள், தண்ணீர் ஊற்றும் வரை ஆஸ்பத்திரிப் பேச்சே கிடையாது. அந்த வீட்டில் ஸ்டீராய்டு தின்கிற ஒருத்தி இருந்தால், பிள்ளைக்கு லேசாகப் போகிற அம்மை அவளை நுரையீரலோடு பிடிக்கும். இதில் அம்மனோடு மல்லுக்கு நிற்காதே, தோற்றுவிடுவாய். "அம்மா வந்திருக்கா, சரி. வேப்பிலை இருக்கட்டும், தாளிக்க வேணாம். இவ உடம்புல காவல் இல்ல, இவளுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தா அம்மா கோவிச்சுக்க மாட்டா" என்றால் பெரும்பாலும் கேட்பார்கள். அவளுக்குக் கொப்புளம் வந்த முதல் நாளே மருந்து ஆரம்பிக்க வேண்டும். வருவதற்கு முன்பே, பிள்ளைக்கு வந்தது தெரிந்த அன்றே தகவல் சொன்னால் இன்னும் வழி உண்டு. அக்கியும் அப்படித்தான். குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொள்வது நம் பழக்கம். "எழுதிக்கிட்டே வா, ஆனா இன்னைக்கே வா" என்பேன். மூன்று நாளைக்குள் மருந்து தொடங்கினால்தான் முழுப் பலன். நெற்றியிலோ கண்ணோரத்திலோ வந்தால் எழுதப் போகிற நேரம்கூட இல்லை.

டெஸ்ட் டோஸ் கேள்வி பாக்கி. பென்சிலினுக்கு உங்கள் நிலையத்தில் என்ன நெறிமுறையோ அதைச் செய். மற்ற ஆன்டிபயாட்டிக்குக்கெல்லாம் தோலுக்குள் துளி ஏற்றிப் பார்க்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதில் ஒன்றும் வரவில்லை என்பதால் முழு டோஸுக்கு ஒன்றும் வராது என்று ஆகாது, அந்தத் துளிக்கே அதிர்ச்சி வந்ததும் உண்டு. அதனால் அவசர ட்ரே பக்கத்தில் இல்லாமல் டெஸ்ட் டோஸும் போடாதே. போட்டபின் அரை மணி நேரம் உன் கண்ணில் படுகிற பெஞ்சில் உட்கார வை. "பஸ்ஸு போயிரும் சிஸ்டர்" என்பார்கள். நான் அவர்கள் ஓ.பி. சீட்டை வாங்கி என் மேசையில் வைத்துக்கொள்வேன்; அது இல்லாமல் மாத்திரை வாங்க முடியாது, எங்கேயும் போக மாட்டார்கள்.